இரண்டாவது பெயர்

"இன்னும் இருக்கிறீர்களா?" மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த ஒற்றை வரி மின்னஞ்சல் எனக்கு வந்துவிடும். வணக்கம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அனுப்புவது மனிதரல்ல, ஒரு நிரல். அதை எழுதியவர் எங்கள் தொகுப்பாளர். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்கிற திறந்த மென்பொருள்களை மைசூரில் நாங்கள் சிலர் ஒரே இடத்தில் தொகுத்து வைக்கிறோம். அதில் எந்தப் புதிய பேக்கேஜ், அதாவது மென்பொருள் பொதி, சேரலாம், எது கூடாது என்று முடிவு செய்யும் பொறுப்பு அவரிடம் இருந்தது. மனுஷன் என் உயிரை வாங்கினார்.

தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். குரலை உயர்த்தியதே இல்லை. அதுதான் பெரிய எரிச்சல். ஞாயிறுதோறும் சரஸ்வதிபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியறையில் கூடுவோம். யாராவது மாதக்கணக்கில் உழைத்து ஒரு பேக்கேஜைக் கொண்டுவந்து நீட்டினால், அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே, பராமரிக்க இரண்டு பேர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்றுதான் இருந்தால் மடிக்கணினியை மூடிவிடுவார். "நல்லாத்தானுங்க இருக்குது. நாளைக்கு நீங்க கண்ணாலங்காச்சின்னு வெளியூரு போயிட்டா இத ஆருங்க பாக்கறது?" இரண்டு பிள்ளைகளைப் பெற்ற என்னிடமும் இதே கேள்வி.

நான் எழுதியது, தமிழும் கன்னடமும் கலந்திருக்கும் பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்துக் காட்டும் நிரல். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்குப் பார்வை கிடையாது. பாடக் குறிப்புகளை யாராவது படித்துச் சொல்வார்களா என்று அவர் தினமும் காத்திருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் எழுதினேன். எங்கள் தொகுப்பில் இருப்பதைத் தவிர வேறெதையும் கணினியில் ஏற்ற அவருடைய பள்ளியில் அனுமதி இல்லை. தொகுப்பாளரோ ஏழு மாதம் இழுத்தடித்தார். இரண்டாவது பெயருக்காக அலுவலகம், அக்கம்பக்கம் என்று ஆள் பிடிக்க அலைந்தேன். பெயர் கேட்டதும் எல்லோருக்கும் அவசர வேலை வந்துவிடும். ஒருநாள், "அங்க ஒரு டீச்சர் பாடம் நடத்த முடியாம நிக்கறாங்க தம்பி, உங்க ரூலை வச்சு நான் என்ன பண்றது?" என்று கத்தியே விட்டேன். "ரூலுக்கில்லைங்கக்கா. அப்பறம் கேக்க நாதியில்லாமப் போயிருமுங்க" என்றார். மறுவாரம் பேக்கேஜ் சேர்ந்துவிட்டது. நான் போட்ட சத்தத்தில் பயந்துவிட்டார் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். பேக்கேஜின் பதிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சென்ற ஆண்டு சாமராஜநகர் சாலையில் ஒரு விபத்து. அவர் போய்விட்டார். பொறுப்பு என் தலையில் விழுந்தது. சில மாதம் கழித்து அவருடைய நிரல் எனக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. என் பேக்கேஜின் இரண்டாவது பராமரிப்பாளர் அந்த மூன்று மாத மின்னஞ்சலுக்குப் பதில் தரவில்லையாம், முப்பது நாளில் பேக்கேஜ் நீக்கப்படுமாம். அப்போதுதான் பதிவைத் திறந்தேன். இரண்டாவது பெயர் அவருடையது. சொல்லித் தொலைத்திருக்கலாமே!

மறுபடியும் ஆள் பிடிக்க வேண்டுமே என்று ஆசிரியையிடம் புலம்பினேன். "அன்னைக்கு ஊரெல்லாம் தேடினீங்களே, என்னை ஏன் கேக்கலை? எங்க தப்பாப் படிக்குதுன்னு தினம் கேக்கறவ நான். மிச்சத்தைக் கத்துக்கறேன், அஷ்டே, அவ்வளவுதான்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பழைய பெயரை நீக்கினால்தான் புதியது ஏறும். நீக்கும் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னது நிரல்: திருமணம், வேலை மாற்றம், வெளியூர், ஆர்வமில்லை. அத்தனையும் முன்கூட்டி யோசித்த மனுஷனுக்கு இது ஒன்று தோன்றவில்லை. திரையை முறைத்துக்கொண்டே இருந்துவிட்டு, 'வெளியூர்' என்பதை அழுத்தினேன்.

இன்று காலை மறுபடி அந்த மின்னஞ்சல். இன்னும் இருக்கிறீர்களா? ஆசிரியை எனக்கு முன்பே பதில் அனுப்பிவிட்டார். கேட்கிற ஆளைப் பார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. "இருக்கேனுங்க" என்று தட்டி அனுப்பினேன்.