கொட்டகைக்குள் முதலில் போனவள்

என்னோடு செபமாலை சொல்லும் சகோதர சகோதரிகளே, யுத்த காலத்தில் ஒரு சித்திரை மாதம். நாமக்கல் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய முதியோர் மடத்தில் நான் சமையல்காரி. என் மாமியார் சவரியம்மாளும் அங்கேதான் இருந்தார். காவிரிக் கரை ஊர்களில் வாந்திபேதி என்று கேள்விப்பட்டதுமே மடத்துத் தலைவி மதர் அம்மா முன்னேற்பாட்டில் இறங்கினார். கிணற்றில் மருந்து போட்டார். கொதித்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்றார். நோய் கண்டவரைத் தனியே வைத்துப் பார்க்க வேலியோரம் ஓலைக் கொட்டகை போடச் சொன்னார்.

வந்தது வினை. கொட்டகை எதற்கென்று பெரியவர்களுக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கொட்டகைக்குள் போனவர் திரும்பமாட்டார் என்றுதான் அர்த்தம். முதலில் மூட்டை கட்டியவர் என் மாமியார்.

"எங்களை அதுக்குள்ள போட்டுச் சாகடிக்கப் போறீங்க. நாங்க ஊட்டுக்குப் போறோமுங்க" என்றார்.

"எந்த ஊடு இருக்குது அத்தை? வழியெல்லாம் நோவு" என்று கத்தினேன். எனக்கு வாய் நீளம். ஆனால் யாரும் கேட்கவில்லை. விடிந்ததும் எல்லாரும் புறப்படுவதாகப் பேச்சு. தள்ளாத உயிர்கள், அந்த வெயிலில், நோய் நடமாடும் ஊர்கள் வழியே எவ்வளவு தூரம் போகும்? கோவிலில் விழுந்து அழுதேன். "தாயே, இவங்க பயத்தை எப்படியாவது எடுத்துப்போடம்மா. என்னை என்ன வேணாலும் செய்."

மாதா என் மன்றாட்டைக் கேட்டார். விடியும்போது எனக்கே வயிற்றுப்போக்கு.

மதர் அம்மா யோசிக்கவே இல்லை. என்னைக் கொட்டகையில் படுக்க வைத்தார். செத்தேன் என்றே நினைத்தேன். ஆனால் அவர் என்னை விட்டு நகரவில்லை. உப்புப் போட்ட கஞ்சியை ஊற்றிக்கொண்டே இருந்தார். பெரியவர்கள் வேலிக்கு அப்பால் நின்று அத்தனையும் பார்த்தார்கள். புறப்பட மனமில்லாமல், மூட்டைமேலேயே உட்கார்ந்து எனக்காகச் செபமாலை சொன்னார்கள். அடுப்படியில் ஆள் இல்லையென்று மாமியாரே போய்த் தண்ணீர் கொதிக்க வைத்தாராம்.

பிறகு டாக்டர் வந்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்து, என்ன சாப்பிட்டாய் என்றார். கொல்லிமலைப் பலாப்பழம், பாதி, என்றேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பலாச்சுளையத் தின்னுபோட்டு எங்களை அழ வெச்சுட்டா பாருங்க" என்றார் மாமியார். மடமே சிரித்தது. கொட்டகைக்குள் போன நான் எழுந்து வந்ததைப் பார்த்து, அன்றே மூட்டைகளை அவிழ்த்தார்கள்.

பத்துப் பதினைந்து நாளில் நோய் எங்கள் ஊருக்கும் நிஜமாகவே வந்தது. மடத்தில் ஒரு தாத்தாவுக்குக் கண்டது. "என்னையக் கொட்டாய்க்குக் கூட்டிட்டுப் போ சாமி" என்று அவரே கேட்டார். பிழைத்து நடந்து வந்தார். ஓர் உயிரைக்கூட நாங்கள் இழக்கவில்லை. தாயே, எப்படி நன்றி சொல்வேன்!

அதற்குப் பிறகு நான் யாரையும் அதட்டி வழிக்குக் கொண்டுவரப் பார்ப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிப் புரியவைக்கிறேன். பயந்து கிடக்கிறவர்களே, நீங்களும் மாதாவிடம் கேளுங்கள். எந்த வழியில் கொடுப்பார் என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். எனக்குக் கொடுத்தது வயிற்றுப்போக்கு. அதைவிடப் பெரிய வரம் இன்றுவரை நான் வாங்கியதில்லை.