தோசைக்கல்லில் நின்ற அன்ரெனா

இந்த ஜெர்மனியில் உங்களுக்கு வேறு வேலை இல்லையா? ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போகிற வழியில் என் பல்கனியை அண்ணாந்து பார்க்கிறீர்கள். பிறகு தமிழ்க் கடையில் என்னை மறித்து, "அதென்ன அக்கா கம்பி?" என்று கேட்கிறீர்கள். அம்மாளைக் கும்பிடப் போனால் கும்பிட வேண்டும்... விடுப்புப் பார்க்கக் கூடாது.

சரி, சொல்கிறேன். என் பத்தியை வாசித்துச் சிரிக்கலாம் என்று வந்தவர்களுக்கு இந்தக் கிழமை ஏமாற்றம்தான்.

என் மனிசன் லொறி ஓடியவர். அவர் செத்துப்போய் மூன்று கிழமையில் கொம்பனி ஒரு பெட்டி அனுப்பியது. சப்பாத்து, மிளகாய்த்தூள் போத்தல், லொறிக்குள் இருந்த சிபி ரேடியோ, அதன் அன்ரெனா.

செத்தவீட்டைக் கனடா, லண்டன், கொழும்பு என்று எல்லாருக்கும் சொல்லியாயிற்று. பெட்டியைத் திறந்தபோதுதான் நெஞ்சில் இடித்தது. ரோட்டில் அவரோடு ரேடியோவில் கதைத்த லொறிக்காரருக்கு யார் சொன்னது? அவர்களின் பெயரோ நம்பரோ எங்களுக்குத் தெரியாது. அவர்களுக்கும் இவர் பெயர் தெரியாது. பொரித்த உருளைக்கிழங்குக்கும் தூள் போடுகிறவர் என்று "ஷார்ஃப்" என்பார்களாம் — ஜெர்மனில் காரம்.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு முன் ஒருவருக்கும் சொல்லாமல் விடக்கூடாது, அது எங்கள் வழக்கம். மிச்சம் ஒன்பது நாள்.

"விசரே அம்மா உங்களுக்கு?" என்றாள் மகள் வாசுகி. "ரேடியோ பூட்ட உங்களுக்கு ஏலுமே?"

"உன்னையே வளர்த்தனான். இதுக்கு நிப்பாட்டுற பட்டனாவது இருக்கு."

முறுமுறுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். பன்னிரண்டு வோல்ட் கரண்ட் பெட்டியும் முள் வைத்த மீற்றரும் வந்தன. அன்ரெனா பூட்டாமல் பேசும் பட்டனை அமத்தினால் ரேடியோ எரிந்துபோகும் என்றானாம் கடைக்காரன். அன்ரெனாவுக்குக் கீழே இரும்பும் வேண்டுமாம், லொறிக் கூரை மாதிரி.

என் வீட்டில் ஏது லொறிக் கூரை? பெரிய சோற்றுப் பானையைக் கவிழ்த்தேன். அன்ரெனாவின் அடியில் காந்தம், பானையோ அலுமினியம். வழுக்கி விழுந்தது. பிறகு இரும்புத் தோசைக்கல்லை வைத்தேன். டக்கென்று பிடித்தது... கலியாணத்தன்று அவர்கூட என் கையை அப்படிப் பிடிக்கவில்லை.

பட்டனை அமத்தினால் மீற்றர் முள் சிவப்பில் போய் நின்றது. பேச்சு வெளியே போகாமல் திரும்பி வருகிறது என்று அர்த்தமாம். இரண்டு நாள் அதோடு மாரடித்தேன். கடைசியில் தோசைக்கல்லைக் கம்பியால் பல்கனி இரும்போடு இறுக்கிக் கட்ட, முள் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பல்கனிக்கு அப்பால், ஆட்டோபான் பெருந்தெருவில் லொறிகள் இரைகின்றன. லொறிக்காரர் கதைக்கும் ஒன்பதாம் சனலைப் போட்டேன். என் ஜெர்மன் துப்புரவு வேலையில் படித்த ஜெர்மன். ஆனால் செத்ததைச் சொல்ல எத்தனை சொல் வேண்டும்?

"ஷார்ஃப் செத்துப்போனார். நான் அவர் மனிசி."

இரைச்சல்தான். திரும்பச் சொன்னேன். மூன்றாம் தரம் சொற்கள் முன்பின்னாக வந்தன.

"தாங்கோ அம்மா, நான் சொல்லுறன்." வாசுகி கையை நீட்டினாள். நான் மைக்கைக் கொடுக்கவில்லை.

அப்போதுதான் ஒரு ஆம்பிளைக் குரல் வந்தது. அவன் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, வாசுகி தமிழில் சொன்னாள்.

"நாலு கிழமையா இதால வரேக்க கூப்பிடுறானாம். பதில் இல்லையாம். கடைசியாக் கதைக்கேக்க அப்பாவைக் கொஞ்சம் நக்கலடிச்சிட்டானாம். கோவிச்சிட்டார் எண்டு நினைச்சானாம்."

"அவர் கோவிக்கேல்லை எண்டு சொல்லு. நெஞ்சு நிண்டுபோச்சு, அவ்வளவுதான்."

பின்னால் வருகிற லொறிக்காரருக்குத் தான் சொல்வதாக வாக்குக் கொடுத்தான். சொன்னான். அடுத்தவன் தனக்குப் பின்னால் வருகிறவனுக்குச் சொன்னான். "ஷார்ஃப்", "ஷார்ஃப்" என்று குரல்கள் தூரப் போய்ச் சிறுத்தன. முகம் தெரியாத ஆட்கள் எங்கள் வழக்கத்தை எங்களைவிட ஒழுங்காகச் செய்தார்கள்.

ரேடியோவை நிப்பாட்ட, கதவு மணி அடித்தது. கீழ்வீட்டு ஜெர்மன் மனிசி. பின்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள். என் ரேடியோப் பேச்சு அவளுடைய ரீவிக்குள் புகுந்திருக்கிறது; படம் ஆடியதாம். ஒரு பெண் குரல் "ஷார்ஃப் செத்துப்போனார்" என்றதாம். யார் அந்த ஷார்ஃப்?

பதினொரு வருஷம் அவள் தலைக்கு மேலே நடந்த மனிசன். போய் ஒரு மாதமாகப் போகிறது, அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"வாசுகி, இவைக்குச் சொல்லு," என்றேன். "எங்கட ஆக்கள் செத்தவீட்டை வீடு வீடாப் போய்ச் சொல்லுவினம். எனக்கு முழங்கால் ஏலாது... அதுதான் ரீவியில சொன்னனான்."