படிக்காத காமிக்ஸுக்கு விலை அதிகம்

பழைய தமிழ் காமிக்ஸ் வாங்கி வைத்தால் லாபம் வருமா என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் நான் அதையே பேசிக்கொண்டு திரிந்ததுதான் காரணம். வரும் என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். வீட்டில் அம்மா இருக்கிறாரா, அவருக்குச் சாமி பக்தி எப்படி என்பதை மட்டும் கூடவே விசாரித்துக்கொள்கிறேன்.

விஷயம் எளிமையானது. உள்ளங்கை அளவில், மட்டமான காகிதத்தில் அச்சாகி, பஸ் ஸ்டாண்டு கடைகளில் கயிற்றில் தொங்கிய புத்தகங்கள் அவை. துப்பறிவாளர்கள், குதிரைக்காரர்கள், கடலுக்கடியில் கத்தியோடு நீந்துகிறவர்கள். வாங்கியவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முதல் பக்கத்தில் பெயர், வகுப்பு, பிரிவு எழுதுவார்கள். கதாநாயகிக்கு மீசை வரைவார்கள். வாடகை நூலகக்காரர்கள் நான்கைந்தைச் சேர்த்துத் தைத்து, ஓரத்தை வெட்டி, முத்திரை குத்துவார்கள். மிச்சம் கடலை மடிக்கப் போய்விட்டது. ஆகவே மடியாமல், கிறுக்காமல், கறைபடாமல் தப்பித்த பிரதி அபூர்வம். போனில் சேகரிப்பாளர்கள் குழு ஒன்று இருக்கிறது. அப்படி ஒரு பிரதியின் படத்தை அதில் போட்டால், நல்ல உத்தியோகத்தில் இருக்கும் பெரிய மனிதர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு விலை சொல்வார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

யாரும் படிக்காத புத்தகத்துக்குத்தான் அதிக விலை. நானும் படிக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிக் கவரில் போட்டு, ஷூ டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேகரித்து உள்ளே வைத்து, பீரோவின் மேல்தட்டில் அடுக்கினேன். பெங்களூரில், அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் எங்கள் வீடு இரண்டு அறை. அந்த மேல்தட்டில் அதுவரை இருந்த கம்பளிகள் கட்டிலுக்கு அடியில் போயின.

பணம் அக்காவுடையது. அக்கா அடுகோடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் விடியும்போதே வரிசையில் நிற்பார்கள் என்பதால் அவளுக்கு அதிகாலை ஷிப்ட். இரண்டு பஸ் மாற வேண்டும். அவளுக்குச் சீட்டு எடுத்த பணம் வந்தபோது ஸ்கூட்டர் வாங்கப்போவதாகச் சொன்னாள். நான் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்கூட்டர் என்பது வாங்கிய நாளிலிருந்து விலை குறையும் பொருள், காமிக்ஸ் என்பது விலை ஏறும் பொருள் என்று ஒரு வரைபடத்தோடு விளக்கினேன். நானும் நீயும் பங்குதாரர்கள் என்றேன். அக்கா பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள். வாயைக் கொப்பளித்துவிட்டு ஒரே ஒரு சந்தேகம் எழுப்பினாள்.

"இத திரும்ப யாராச்சும் வாங்குவாங்களா?"

"அடிச்சுக்குவாங்க" என்றேன்.

கொடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு விலை ஏறத்தான் செய்தது. அக்கா எப்போது கேட்டாலும் இப்போது விற்கக் கூடாது, இன்னும் ஏறும் என்பேன். அவளும் பஸ்ஸில் போய் வந்தாள். அந்த வருஷம் மழைக்குப் பிறகு அவளுடைய முதல் பஸ் ஒழுங்காக வருவதை நிறுத்திக்கொண்டது. அடுத்த பஸ்ஸில் போனால் தாமதம். கூடத்தின் மேலாளர் அம்மாள் அவளைக் கூப்பிட்டு, இனிமேலும் லேட்டாக வந்தால் காலை ஷிப்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கன்னடத்தில் மரியாதையாகச் சொன்னாராம். காலை ஷிப்டுக்குத்தான் கூடுதல் சம்பளம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அக்கா பையைக் கழற்றாமலே, "வித்துடு" என்றாள்.

குழுவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். இந்திராநகரில் சொந்த கிளினிக். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், படத்தில் உள்ள நிலையில் இருந்தால் நீங்கள் சொல்லும் விலை சம்மதம் என்றார். கலங்கரை விளக்கத்தில் ஒரு கொலை நடக்கும் புத்தகம் என்னிடம் இருந்தது. அதை மட்டும் தனியாக இரண்டு முறை விசாரித்தார். விஜயதசமி அன்று கிளினிக் லீவு, வீட்டுக்கே வருகிறேன் என்றார். அவர் தரும் தொகையில் அக்கா புது வண்டியே வாங்கலாம்.

விஜயதசமிக்கு முந்தைய நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜையும் அதோடு சேர்ந்துதான். என்னை அல்சூர் மார்க்கெட்டுக்குப் பூசணிக்காயும் வாழைக்கன்றும் வாங்க அனுப்பினாள் அம்மா. திரும்பி வந்தபோது வீட்டு முன்னறையில் எல்லாம் தயாராக இருந்தது. அம்மா ரவிக்கை தைக்கும் மெஷின், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, என் லேப்டாப் எல்லாவற்றுக்கும் பொட்டு. அவற்றுக்கு முன்னால் பலகை போட்டு, அதில் என் காமிக்ஸ் முழுவதும் கவரிலிருந்து பிரித்துப் பரப்பப்பட்டிருந்தது. ஒவ்வொரு அட்டையிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். அம்மா ஏனோதானோவென்று வைக்கவில்லை. படத்தில் இருந்தவர்களின் நெற்றி பார்த்து வைத்திருந்தாள். துப்பாக்கி வைத்திருந்தவனுக்கும் வைத்திருந்தாள். ஓர் அட்டையில் மண்டையோடு மட்டும்தான். அதற்கும் நெற்றி இருந்தது.

"யாருமா இத பண்ணது?"

"நாந்தான். இன்னா இப்போ?"

"கவர ஏன்மா பிரிச்ச?"

"பிளாஸ்டிக் மேல சந்தனம் நிக்கலடா, வழுக்கினு போவுது. அதுவுமில்லாம, சாமி உன் பிளாஸ்டிக்குக்கா ஆசீர்வாதம் பண்ணும்?"

"பொட்டு வைக்கச் சொல்லி நான் கேட்டேனா?"

"நீதானே சொன்ன, இதுதான் என் தொழிலு, இதுதான் என் மொதலுன்னு. ஊர்ல ஆட்டோக்காரன்லாம் ஆட்டோக்கு வைக்கிறான். உன் மொதலுக்கு வைக்காம உட்டு, நாளைக்கு நஷ்டம் வந்தா யார கேப்ப? என்னத்தான் கேப்ப."

அவள் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. என் வேலை ஒரு கம்பெனியில் மென்பொருள்களில் குறை கண்டுபிடிப்பது. அம்மாவின் வாதத்தில் எனக்கு ஒரு குறையும் அகப்படவில்லை. கைக்குட்டையை எடுத்துக்கொண்டு பலகையை நோக்கிக் குனிந்தேன்.

"தொடற வேலையெல்லாம் வச்சிக்காத. சாமிகிட்ட வச்ச புக்க நாளைக்குக் காலைலதான் எடுக்கணும்."

இது எங்கள் வீட்டுச் சட்டம். பல வீடுகளில் உண்டு. சரஸ்வதி பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் வரை தொடக் கூடாது, படிக்கக் கூடாது. பள்ளி நாட்களில் கணக்குப் புத்தகம் முதல் அட்லஸ் வரை எல்லாவற்றையும் நானே முந்திக்கொண்டு அடுக்குவேன். அப்போதெல்லாம் இந்தச் சட்டத்தில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. இப்போது சந்தனத்தின் ஈரம் மெதுவாக அட்டைக்குள் இறங்கி, பொட்டைச் சுற்றி எண்ணெய் பட்டதுபோல வட்டம் பரவுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா சுண்டல் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

அக்கா வேலையிலிருந்து வந்து பலகைக்கு முன்னால் நின்றாள். கும்பிடுகிறாள் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். கறை பார்ப்பது அக்காவின் தொழில்.

"சந்தனம் சொரண்டுனா வந்துடும். குங்குமம் வராது. தொடச்சா இன்னும் பரவும்" என்றாள்.

"டாக்டர்கிட்ட வர வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிட்டு?"

"வேற ஆளு பாக்கலாம்."

"வேற ஆளு குங்குமத்த அழிச்சுத் தருவானா? அவரே வரட்டும்."

அம்மாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பூஜையில் தன் பங்குக்குக் கற்பூரம் காட்டினாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

விஜயதசமி காலையில் இன்னொரு சட்டம். பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்துக் கொஞ்சமாவது படிக்க வேண்டும். படிக்காவிட்டால் வைத்ததற்குப் பலன் இல்லை. அம்மா ஆளுக்கு ஒரு கட்டாகப் பிரித்துக் கொடுத்தாள். நான் வாங்கிய நாளிலிருந்து திறக்காத புத்தகங்களை முதல்முறையாகத் திறந்தேன். முதுகுப் பக்கம் படக்கென்று ஒடியும் சத்தம் ஒவ்வொன்றிலும் கேட்டது. நன்றாகத்தான் இருந்தன கதைகள். அதைச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

அம்மா கையில் கலங்கரை விளக்கம் மாட்டியது. அவள் அதிகம் படித்தவள் இல்லை. விரல் வைத்து, வாய்விட்டுத்தான் படிப்பாள். இரண்டு பக்கம் படித்துவிட்டு எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். மெஷினில் யாருடைய ரவிக்கையோ பாதியில் நின்றது. அம்மா எழவில்லை.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். வாசலில் செருப்பை விட்டு, சோபாவில் உட்கார்ந்து, பையிலிருந்து கிளினிக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டார். சின்ன டார்ச் ஒன்றும் வைத்திருந்தார். முதல் புத்தகத்தை எடுத்து, வாயைத் திறக்கச் சொல்வதுபோல ஒரு விரலால் அட்டையைத் தூக்கி, உள்ளே வெளிச்சம் அடித்தார்.

"தம்பி, இது என்ன?"

"குங்குமம் சார்."

"போட்டோல இல்லையே."

"போட்டோ போன மாசம் சார். பூஜை நேத்து."

அவர் அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். மண்டையோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையுறைகளைக் கழற்றிவிட்டார். அதற்கு மேல் அவை தேவையில்லை என்று அவர் முடிவு செய்தது எனக்குப் புரிந்தது.

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும் சார்."

"பூஜ போட்டது டாக்டரே" என்றாள் அம்மா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுக்கு வெல கொஞ்சம் ஜாஸ்திதான் வரும்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அப்போதுதான் அவள் கையிலிருந்த அட்டையைக் கவனித்தார். முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதுல எந்தக் கட்டத்துல இருக்கீங்கம்மா?"

"வெளக்குக்காரன கொன்னுட்டாங்க. கடைசியா அந்தப் போலீசு எல்லாரையும் மாடிப்படில நிக்க வச்சிருக்கான். யாருன்னு சொல்லப் போறான்."

"சொல்லிடாதீங்க" என்றார் டாக்டர். வேலூரில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது சரியாக அந்த இடத்தில் அவருடைய அண்ணன் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாராம். அதற்குப் பிறகு அந்தப் புத்தகமே கண்ணில் படவில்லையாம். குங்குமம் இருந்தால் பரவாயில்லை, அந்த ஒன்றுக்கு மட்டும் பேசிய முழு விலையைக் கொடுத்துவிடுகிறேன் என்றார். அக்கா சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து நின்றாள்.

அம்மா பக்கத்தைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள். பின்னட்டை வந்தது.

"கடைசி தாள காணோம்" என்றாள்.

வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நான் திறந்து பார்த்ததில்லை. திறந்தால் விலை குறையும்.

டாக்டர் புத்தகத்தை வாங்கி, கிழிந்த ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் பேச்சாவது நடந்திருக்கும்.

"சமையக்காரன்தான் கொன்னிருப்பான்" என்றாள் அம்மா. "ஆரம்பத்துலேருந்தே அவன் மூஞ்சி சரியில்ல."

"நான் அந்தப் படகுக்காரன்னு நெனச்சிட்டிருந்தேம்மா, இத்தன வருஷமா."

"படகுக்காரனுக்குக் கையில கட்டு போட்டிருக்கே. அவன் எப்பிடி ஏணி ஏறுவான்?"

டாக்டர் யோசித்தார். அம்மா அவருக்குக் காபி போட்டுக்கொண்டு வந்து, சந்தடிசாக்கில் வாயைத் திறந்து தன் கடைவாய்ப் பல்லையும் காட்டினாள். பிடுங்க வேண்டியிருக்கும், கிளினிக்குக்கு வாருங்கள் என்றார். பிறகு கலங்கரை விளக்கத்தை அம்மாவிடமே கொடுத்துவிட்டு, மற்றதைப் படிக்கிற பிரதி என்ற கணக்கில் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சேகரிப்பாளர் மொழியில் அது கிட்டத்தட்ட பழைய பேப்பராக எடைக்குப் போடுவது. அவர் சொன்ன தொகை அக்கா போட்டதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது.

எனக்கு நம்பிக்கை போகவில்லை. பூஜை போட்ட காமிக்ஸ் தொகுப்பு தமிழில் இது ஒன்றுதான் இருக்கும், அபூர்வத்தில் அபூர்வம், இன்னும் கொஞ்சம் காத்திருந்தால் இதற்கென்றே தனியாக ஒரு விலை உருவாகலாம் என்று தோன்றியது. டாக்டருக்குக் கேட்காமல் அக்காவிடம் சொன்னேன்.

"ரெண்டு வருஷம் வச்சிருந்தா..."

"அந்த ரெண்டு வருஷமும் நீ போறியா பஸ்ஸுல?" என்றாள். "குடுத்துடுங்க சார், எடுத்துனு போங்க."

அவர் போன கொஞ்ச நேரத்தில் அக்காவும் செருப்பு மாட்டினாள். அடுகோடியில் அவள் வேலை செய்யும் தெருவில் ஒரு மெக்கானிக் ஷெட் உண்டு. அங்கே பழைய ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு நிற்பதை அவள் ரொம்ப நாளாகவே பார்த்து வைத்திருந்தாள் போல. புது வண்டி என்ற பேச்சே எழவில்லை. பழைய வண்டிக்கும் போதாமல் இருந்த தொகையை என் சம்பளத்திலிருந்து போட்டேன். பங்குதாரர் என்று சொன்னவன் நான்தானே. மெக்கானிக் வண்டியை உதைத்துக் கிளப்பிக் காட்டினார். இடது கண்ணாடி கிடையாது. சீட்டில் ஒரு கிழிசல். அக்கா இரண்டு தடவை தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, என்னைப் பின்னால் ஏறச் சொன்னாள்.

ஓசூர் ரோட்டில் நல்ல நெரிசல். மாலை போட்ட வண்டிகள், வாழைக்கன்று கட்டிய லாரிகள். அக்கா மெதுவாக, ரொம்பக் கவனமாக ஓட்டினாள். நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்தால் போதும் என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் குரலை அப்படிக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஒரு சிக்னலில் வண்டி நின்றது. முதலீடு என்கிற கோணத்தில் பார்த்தால், இந்த வண்டியின் விலை இன்றைக்கே, நாம் ஷெட்டைத் தாண்டிய நிமிஷத்திலேயே குறைய ஆரம்பித்துவிட்டது என்பதை அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.

"எறங்கு" என்றாள்.

இறங்கினேன். பச்சை விளக்கு விழுந்தது. அவள் போய்விட்டாள். நான் அல்சூர் போகும் பஸ்ஸுக்காக நின்றேன். அது வர நேரமாயிற்று.