விரலில் பல் தடம்

மட்டாஞ்சேரிக் கிடங்கின் சுக்கு நெடி வீட்டுக்குள் வருகிறது. என் சட்டை திடீரென்று வேர்வையில் நனைகிறது. ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. இந்த வேர்வையை என்னைப் பெற்ற அத்தாவின் உடம்பில் பார்த்திருக்கிறேன்.

என் சிறு வயதில் ஒரு ரமலான் நாளில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு நோன்பிருந்தார். சாயங்காலம் வேர்த்துக் கொட்டி, அம்மாவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"நோம்புக் கோவம், நோம்பு தொறந்தா அடங்கிரும்" என்றார் அத்தாவின் அண்ணன்.

அம்மா நெற்றியில் ரத்தம் வழிய, அத்தாவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து வாயில் சீனியைத் திணித்தாள்.

"நோம்ப முறிக்கிறியே, பாவி!" என்று கத்தினார் அத்தாவின் அண்ணன்.

"செத்துப்போனா யாரு நோம்பு புடிப்பா?"

அத்தா அவள் விரலைக் கடித்தார். அவள் எடுக்கவில்லை.

வேர்வை அடங்கியதும் அவள் நெற்றியைப் பார்த்துக் கேட்டார்: "யாருடி ஒன்ன அடிச்சது?"

என் மனைவி சீனி டப்பாவோடு வருகிறாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயைத் திறக்கிறேன்.