மிதிபலகை வெளிச்சம்

நல்லசிவம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கிளார்க்காக டெல்லிக்கு வந்தவர். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் முதல் மாடியில் வீடு. மனைவி பவுனு, பள்ளிக்கூடம் போகிற மகள் கனிமொழி. பவுனுவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இதய வால்வு கெட்டுப்போயிருந்தது. காய்கறிப் பையோடு மாடியேறும்போது பாதிப் படியில் நின்றுவிட்டுத்தான் மேலே வருவாள்.

தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடையில் மின்வெட்டு தாங்க முடியவில்லை. சாயங்காலம் கரண்ட் போனால் மாடிப்படியில் கண் தெரியாது. மேல்வீட்டுக்காரர் ஒருவர் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அதன்பிறகு நல்லசிவத்துக்கு வேறு நினைப்பே இல்லை.

"பஸ் ஸ்டாண்டுல எத்தன பேரு மிதிச்சுக்கிட்டுப் போறாங்க. அந்த மிதியெல்லாம் தரையோட வீணாப் போவுது. அதுல ஒரு பல்பு எரியாதா?" என்று பவுனுவிடம் கேட்டார்.

"எரிஞ்சா நல்லதுதானே" என்றாள் அவள்.

ஜாமா மசூதிப் பக்கம் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் சைக்கிள் டைனமோவும் வாங்கி வந்தார். மாடிப்படி தொடங்குகிற இடத்தில் தரையைத் தோண்டி ஒரு பலகையைப் பதித்தார். மிதித்தால் பலகை கொஞ்சம் இறங்கும். அடியில் சக்கரம் சுற்றி டைனமோ ஓடும். ஒரு ஸ்கூட்டர் பேட்டரியில் மின்சாரம் சேரும். படி திரும்புகிற இடத்தில் சின்ன பல்பு ஒன்றை மாட்டினார்.

முதல் நாளே அது எரிந்தது. குழந்தைகள் பலகையில் குதித்துக் கொண்டாடினார்கள். காலனி சங்கத்துச் செயலாளர் வந்து பார்த்துவிட்டு, ஆண்டு விழாவில் எல்லோருக்கும் காட்டலாம் என்றார். அத்தனை வருஷமாக ஆபீசில் நல்லசிவத்தை யாரும் மேடைக்குக் கூப்பிட்டதில்லை.

லீவு விட்டதும் குழந்தைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். பெரியவர்களுக்குக் காலடியில் தரை இறங்குவது பிடிக்கவில்லை. பலகையைத் தாண்டிப் போகப் பழகிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் பல்பு மினுங்கி அணைந்தது. நல்லசிவம் பேட்டரி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

"சாப்பிட வாங்க" என்றாள் பவுனு.

"பசியில்லை. என்ன கோளாறுன்னே பிடிபடலியே."

ஒயர்களை முறுக்கிவிட்டுப் படுத்தார். மறுநாள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஒயர்தான் தளர்ந்திருந்தது என்று நினைத்துக்கொண்டார். அப்புறம் விளக்கு ஒரு நாளும் தவறவில்லை. ஆகஸ்டில் விழாவுக்கு வந்தவர்கள் படியடியில் நின்று கை தட்டினார்கள். "அப்பா சயின்டிஸ்ட்!" என்று கனிமொழி கத்தினாள். கூட்டத்துக்குப் பின்னால் பவுனு சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பரில் ஒருநாள் அவள் சமையலறையில் மயங்கி விழுந்தாள். இதயம் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறது, கடுமையான வேலை ஏதாவது செய்தார்களா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். வீட்டு வேலை மட்டும்தான் என்றார் நல்லசிவம்.

மாற்றுப்புடவை எடுக்க அவர் வீட்டுக்கு வந்தபோது கரண்ட் இல்லை. படி இருட்டாக இருந்தது. சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். கீழ்வீட்டு மாதங்கி மாமி டார்ச்சோடு வெளியே வந்தாள்.

"விளக்கு எப்படி எரியும்? மிதிக்கறவ ஆஸ்பத்திரியில கெடக்காளே."

"என்ன மாமி சொல்லுதீங்க?"

"தெனம் மத்தியானம் வந்து, செவுத்தைப் பிடிச்சுண்டு அதுமேல ஏறி எறங்கிண்டே இருப்பா. மூச்சு வாங்கும். வேண்டாம்டீன்னேன். 'அவங்ககிட்ட சொல்லிராதீங்க மாமி'ன்னு கையைப் பிடிச்சுண்டுட்டா. கொழந்தைகளுக்கும் அலுத்துப் போச்சு, மத்தவா யாரு மிதிக்கறா?"

அப்போது, கோடையில் மணிக்கட்டை முறித்துக்கொண்ட அந்த மேல்வீட்டுக்காரர் ஆபீசிலிருந்து வந்தார். "பாபிஜி எப்படி இருக்காங்க?" என்று பவுனுவைப் பற்றி இந்தியில் விசாரித்தபடியே, கீழே பார்க்காமல், பலகையைத் தாண்டிக் காலை எட்டி வைத்து ஏறிப் போனார்.

நல்லசிவம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, மாற்றுப்புடவையைக் கட்டிலோரம் வைத்தார்.

"எதுக்குட்டி இப்படிச் செஞ்ச?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "அன்னைக்கு நீங்க சாப்பிடலியே."

"ஒரு நேரம் சாப்பிடலைன்னா செத்தா போவேன்?"

"ஆபீஸ்லேருந்து வந்தா பேப்பரும் கையுமா உக்காந்துருவீங்க. இந்தக் கோடையிலதான் கீழேருந்தே 'பவுனு, பவுனு'ன்னு கூப்பிட்டுக்கிட்டே ஏறி வந்தீங்க."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா."

"சொன்னா கழட்டிருப்பீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் அவர் கைமேல் கையை வைத்தாள். அதற்குக்கூட அவளுக்கு மூச்சு வாங்கியது.

தீபாவளிக்கு முன்னால் அவளை நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கி வந்தார்கள். அதன்பிறகு அவள் கீழே இறங்கவில்லை. ஜனவரிப் பனியில் ஒரு காலை கனிமொழி டீ கொண்டுபோனபோது அவள் கண் திறக்கவில்லை.

காரியங்கள் முடிந்ததும் நல்லசிவம் தனியாகப் பலகையைப் பெயர்த்தெடுத்தார். வேறு பிளாக்குக்காவது கொடுங்களேன் என்று கேட்க வந்த செயலாளர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். பள்ளத்தில் சிமென்ட் போட்டுப் பூசிக்கொண்டிருந்தபோது மாதங்கி மாமி வாசலில் வந்து நின்றாள்.

"அன்னிக்கே உன்கிட்ட சொல்லியிருக்கணும்ப்பா. பாவி நான், வாயை மூடிண்டு இருந்துட்டேன்" என்று அழுதாள்.

"நீங்க ஏன் மாமி அழுவுதீங்க" என்றார் அவர், தலை நிமிராமல். "விளக்கைத்தான் தெனம் பாத்தேன். அவளைப் பாக்கலியே."

சிமென்ட் காயும்வரை யாரும் மிதித்துவிடாமல் அங்கேயே காவலாக உட்கார்ந்திருந்தார்.