கூரம் தாண்டவராயரின் கடுக்கனும் கௌஸ் பாயும்

வெள்ளிக்கிழமை பிற்பகல், ஸ்டூடியோவில் ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது கௌஸ் பாயின் மகள் போன் செய்தார். அப்பா தவறிவிட்டார் என்றார். சரிகைக் கடை கௌஸ் பாயைக் காஞ்சிபுரத்தில் தெரியாதவர்கள் குறைவு. அவருக்குள் இருந்த வேட்டைக்காரரை நம்மில் சிலர்தான் பார்த்திருக்கிறோம்.

நாகஸ்வர வித்வான் கூரம் தாண்டவராயர் மேடையில் அணிந்த நகைகளைத் தேடிச் சேர்த்தவர் அவர். வீட்டில் பூட்டி வைத்த நகை அவருக்கு வேண்டாம். ஒருமுறை யாரோ வித்வானின் மோதிரம் என்று பளபளப்பான ஒன்றை நீட்டினார். பாய் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "வாத்தியத்துல ஒரசி ஒரசித் தேஞ்சிருக்கணும்பா. இது வேல செய்யாத மோதிரம்" என்றார் என்னிடம்.

எங்கள் நட்பு ஒரு காதில் தொடங்கியது. கூரத்தில் வித்வானின் உறவினர்கள் ஆறு வருடம் முன்பு கொடுத்த ஒற்றைச் சிவப்புக்கல் கடுக்கனோடும், பழைய கச்சேரிப் படங்கள் இரண்டோடும் என் ஸ்டூடியோவுக்கு வந்தவர், "காத மட்டும் பெருசாக்கிக் குடு மணி" என்றார். இரண்டும் ஒரே கச்சேரியில் எடுத்தவை. பெரிதாக்கிக் கம்ப்யூட்டரில் அருகருகே வைத்தேன். முதல் படத்தில் இரு காதிலும் கடுக்கன். இரண்டாவது படத்தில் வலது காது வெறுமை. பாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். தொலைந்துபோனதாக எல்லோரும் சொன்ன மற்றொன்று, கச்சேரி நடுவே மேடையிலேயே போயிருக்கிறது! வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் தவில்காரர்.

தவில்காரர் காலமாகிவிட்டார். அவர் மகள் செல்வி முசரவாக்கத்தில் இருக்கிறார், அவரும் தவில் வாசிப்பவர் என்று மறுநாளே பாய் விசாரித்துவிட்டார். என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் என் தோளைத் தட்டிக்கொண்டே வந்தார்.

படங்களைக் காட்டியதும் செல்வி ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். அதே சிவப்புக்கல்! தவில் வாசிப்பில் சொக்கிப்போன வித்வான், தன் காதிலிருந்து கழற்றி அப்பாவின் கையில் வைத்தாராம். யார் கேட்டாலும் தரக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை என்றார். ஆறு வருடத் தேடல் அது.

பாய் அதைத் தரும்படி கேட்கவில்லை. தன் பையிலிருந்த கடுக்கனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தார். பிறகு அவரே டப்பாவை மூடி செல்வியின் பக்கம் நகர்த்தினார்.

"தொலஞ்சத தேடிக்கினு இருந்தேன்மா. இது தொலயல, குடுத்தது. ரெண்டும் உன்கிட்டயே இருக்கட்டும். மேடையில வாசிக்கும்போது போட்டுக்கோ, அது போதும்."

திரும்பும்போது எனக்கு ஆற்றாமை. இத்தனை வருடம் தேடி, கையில் இருந்ததையும் கொடுத்துவிட்டீர்களே என்றேன். அவர் சிரித்தார்.

"கெடச்சிடுச்சி இல்ல மணி?"

வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்திருந்த கையில் தெரிந்தது அந்தச் சந்தோஷம்.

பாய் தேடிச் சேர்த்த வித்வானின் அசல் மோதிரமும் பதக்கங்களும் அவர் மகளிடம் பத்திரமாக இருக்கின்றன. என்னிடம் இருப்பது ஒரு வாட்ஸ்அப் பதிவு. முசரவாக்கம் போய்வந்த அடுத்த மாதம் கோயில் விழாவில் செல்வி இரண்டு கடுக்கனையும் அணிந்து வாசித்தபோது, நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்யாணத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். பாய் போனை மேடைப் பக்கம் நீட்டிப் பிடித்து அனுப்பியது அது. நாற்பது நொடி. தவில் முழக்கத்துக்கு மேலே, மூச்சு வாங்க அவர் குரல்:

"கேக்குதா மணி? இருபா, இன்னும் முடியல."