கண்ணாடிச் சுவருக்கு ஒரு வேட்டி

கடல் பார்க்க வேண்டும் என்று நான் சோறு தின்னாமல் அழுது அடம்பிடித்ததாக எங்கள் ஊரில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. நான் அழவில்லை. சோறு தின்னாமல் இருந்தேன் என்பதையாவது, என் உடம்பைப் பார்த்தவர்கள் நம்பாமல் இருந்திருக்கலாம். கதையைக் கட்டியது அம்மா. அத்தையைப் பெண் பார்ப்பதற்காகச் சென்னைக்குப் போகிறோம் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது. அதற்கு ஒரு சாக்கு வேண்டும். மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான்தான் அந்தச் சாக்கு.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நாமக்கல்லுக்கு வெளியே இருந்த எங்கள் கோழிப்பண்ணையில் கோழிகளை அப்பா பார்த்துக்கொண்டார். மற்றதையெல்லாம் அத்தை பார்த்துக்கொண்டாள். காலையில் போன் போட்டு முட்டை விலை கேட்பது, லோடு அனுப்புவது, தீவனம் கொண்டுவருகிறவரோடு மல்லுக்கட்டுவது எல்லாம் அவள்தான். லாரி டிரைவர்கள் அப்பாவைப் பார்த்தால் வணக்கம் வைப்பார்கள். அத்தையைப் பார்த்தால் பீடியை மிதித்து அணைத்துவிட்டு வணக்கம் வைப்பார்கள்.

அவளுக்கு அதற்குமுன் இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. முதல் இடம் ஜாதகத்தில் நின்றது. இரண்டாவது இடம் என் வாயில் நின்றது. வந்திருந்த பெரியம்மா ஒருவர் என் கன்னத்தைக் கிள்ளி, "உங்க அத்தை சாதுதானே கண்ணு?" என்று கேட்டார். முட்டை அட்டைகளைக் கவிழ்த்துவிட்ட டிரைவரை அத்தை திட்டியதை அப்படியே குரல் மாற்றி நடித்துக் காட்டினேன். நன்றாகத்தான் நடித்தேன். அவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அப்பா என்னோடு பேசவில்லை. அம்மா அடுப்படியில் பாத்திரங்களோடு பேசினாள். அத்தை மட்டும் அன்று சாயங்காலம் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். அவளுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆகவே மூன்றாவது இடத்தை ஊருக்குத் தெரியாமல் வெளியூரில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் நம் பக்கத்து ஆட்கள்தான், சென்னையில் போய்த் தங்கிவிட்டவர்கள். அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கடற்கரையை ஒட்டி ஒரு சின்ன ஹோட்டல் இருந்தது. அங்கே மாப்பிள்ளையே எங்களுக்கு அறை போட்டிருந்தார்.

அதை ஹோட்டல் என்று அப்பா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பங்களா ஒன்றைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசி எட்டே அறை வைத்திருந்தார்கள். வரவேற்பறைச் சுவரில் கடவுள் படம் இருக்கும் என்று பார்த்தால், பழைய லாரியின் பக்கப் பலகை ஒன்றைப் பெயிண்ட் உரிந்தது உரிந்தபடியே மாட்டியிருந்தார்கள். அப்பா அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்மூருப் பட்டறையில கட்டுன லாரிதான்" என்றார்.

"இதப் போயி எதுக்குங்ணா செவுத்துல மாட்டியிருக்காங்க?" என்றாள் அத்தை.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே, "அதுதான் எங்க கான்செப்ட் சார்" என்றாள்.

அறைக்குள் போனபிறகுதான் உண்மையான கான்செப்ட் தெரிந்தது. குளியலறைக்கும் கட்டில் இருக்கும் அறைக்கும் நடுவில் சுவர் இல்லை. முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஒருவர் பல் தேய்த்தால் எத்தனை பல் என்று கட்டிலில் இருந்தே எண்ணலாம். நாங்கள் நால்வரும் அதன்முன் வரிசையாக நின்றோம். அம்மா என் கண்ணைப் பொத்தினாள்; உள்ளே யாருமே இல்லை.

அப்பா கீழே போய்க் கேட்டுவிட்டு வந்தார். "திரையெல்லாம் கெடையாதாம். கான்செப்டாம்."

கண்ணாடி கூரை வரைக்கும் போகவில்லை. மேலே ஒரு சாண் இடைவெளி இருந்தது. ஹோட்டல் பெட்ஷீட்டைத் தொங்கவிடலாம் என்றாள் அம்மா. அடுத்தவர் பொருளை நனைக்கக் கூடாது என்றார் அப்பா. பேன்ட் போட்டு ரயிலேறி வந்தவர், பெண் பார்க்கும் நேரத்தில் கட்டுவதற்கென்று மடிப்புக் கலையாமல் ஒரே ஒரு கரைவேட்டி கொண்டுவந்திருந்தார். அதை எடுத்துப் பிரித்து இடைவெளியில் வீசித் தொங்கவிட்டார். "தண்ணி தெறிச்சா தோல உரிச்சுப் போடுவேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த வேட்டிக்குப் பின்னால் நான் குளித்த குளியலைக் குளியல் என்று சொல்ல முடியாது. ஒரு குவளை தண்ணீரை வைத்துக்கொண்டு உடம்புக்கு நல்ல வார்த்தை சொன்னேன், அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. அப்பா திரையை இறக்கி உதறி இடுப்பில் கட்டிக்கொண்டார். அத்தை அரக்குப் பட்டுச்சேலையில் இருந்தாள். மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவில் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா அங்கே தொங்கிய பிரம்பு ஊஞ்சல் நாற்காலியில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து எழ முடியாமல், பேச்சு முழுவதையும் லேசாக ஆடிக்கொண்டே நடத்தினார்.

யாரும் காப்பியைச் சூடாகக் குடிக்கவில்லை. அப்பா தன் முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். விட்டால் அது ஓடிவிடும் போல. கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா, "புள்ளைங்க ரெண்டு பேரும் பீச் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரட்டுமே" என்றார்.

எங்கள் பக்கத்தில் தனியாக அனுப்புகிற வழக்கம் கிடையாது. நானும் கூடப் போகிறேன் என்று அம்மா எழுந்தாள். "நீங்க இருங்க அண்ணி. இவனையே கூட்டிட்டுப் போறேன்" என்று அத்தை என் கையைப் பிடித்தாள். அப்பா என்னை ஓரமாக இழுத்து, "என்ன பேசறாங்கன்னு கவனமா கேட்டுட்டு வா. இங்க வந்து என்றகிட்ட மட்டும் சொல்லு" என்றார். உளவு வேலைக்கு ஊரிலேயே பெரிய ஓட்டைவாயைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமே என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். முகம் அப்படித்தான் இருந்தது.

கடற்கரையில் எனக்கு ஒரு சுட்ட சோளத்தை வாங்கிக் கொடுத்து, "அலைகிட்டப் போவாம அங்கயே நில்லு சாமி" என்று அத்தை தள்ளி நிறுத்தினாள். அவர்கள் இருவரும் கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசினார்கள். மாப்பிள்ளை ஏதோ சொன்னார். அத்தை நிம்மதியாகச் சிரித்தாள். லோடு பேசி முடித்தவர்களைப்போல இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்துக்கொண்டு சண்டையை ஆரம்பித்தார்கள்.

"கல்யாணம் ஆனாலும் நான் பண்ணையப் பாத்துட்டு நாமக்கல்லுலதான் இருப்பேனுங்க" என்றாள் அத்தை, தேவைக்கு மேல் சத்தமாக.

"எனக்குக் கோழி வாசமே ஆகாதுங்க. முட்டையப் பாத்தாலே குமட்டும்" என்றார் அவர்.

"உங்க ஊருக் கடல் மட்டும் மணக்குதாக்கும்?"

அவர் கடலைப் பார்த்தார். அத்தை இருமினாள். உடனே அவர் ஞாபகம் வந்தவர்போல, "எங்கம்மாவுக்கு எதுத்துப் பேசற பொண்ணே ஆகாதுங்க" என்றார்.

"எதுத்துப் பேசலைன்னா எனக்குச் சோறே எறங்காதுங்க."

ஒவ்வொரு வரியும் முடிந்ததும் இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோளத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டேன். திரும்பி வரும்போது, "எல்லாம் கேட்டுச்சா சாமி?" என்றாள் அத்தை. கேட்டது என்றேன். என் தலையைத் தடவிவிட்டு உற்சாகமாக நடந்தாள். பாவம், எவ்வளவு துக்கத்தை மறைத்துக்கொண்டு நடக்கிறாள் என்று எனக்கு அழுகை வந்தது. போனமுறை என் வாயால் கெட்டது. இந்தமுறை என் நாக்கையே அறுத்தாலும் ஒரு வார்த்தை வராது என்று, ஹோட்டல் படியேறும்போது, தெரிந்த சாமிகளின் பேரிலெல்லாம் சத்தியம் செய்துகொண்டேன்.

அப்பாவிடம் தனியாகச் சொல்லும் வாய்ப்பே வரவில்லை. மாடிக்குப் போனதும் மாப்பிள்ளையின் அம்மா ஊஞ்சலில் ஆடியபடி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன கண்ணு, உங்க அத்தையும் மாமாவும் என்ன பேசுனாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தை காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு, வண்டியை அனுப்பிவிட்ட திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனாங்க" என்றேன்.

டம்ளர் அத்தையின் வாய்க்குப் போகாமல் நடுவழியில் நின்றது.

"மாமாவுக்கு நம்ம பண்ணை ரொம்பப் புடிச்சுதாங்க. முட்டைன்னா உசுராங்க."

"இவனுக்கா?" என்றார் அந்த அம்மா. ஊஞ்சல் நின்றுவிட்டது. "சின்னதுல இருந்து முட்டையத் தொடக்கூட மாட்டானே."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் ஊருக்குப் போனதும் நடக்கப்போவதெல்லாம் இருந்தது. ஆனால் பொய்யும் லாரி மாதிரிதான். இறக்கத்தில் வந்துவிட்டால் நிறுத்த முடியாது.

"அத்தை கையால செஞ்சு குடுத்தா சாப்புடறேன்னு சொன்னாருங்க."

மாப்பிள்ளையின் அப்பா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். சேலத்தில் ரயில் ஏறியதிலிருந்து இறுகியிருந்த அப்பாவின் முகம் முதல்முறையாகத் தளர்ந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டேய், நடந்தத மட்டும் சொல்லு சாமி" என்றாள் அத்தை. குரல் நடுங்கியது. எவ்வளவு நன்றாக நடிக்கிறாள் என்று அசந்துபோனேன்.

"அத்தை எதுத்துப் பேசுனாக்கூடக் கேக்க நல்லா இருக்குதுன்னாருங்க" என்று கடைசிச் சண்டையையும் அடைத்து முடித்தேன்.

வருடங்கள் கழித்து, என் நிச்சயதார்த்தப் பந்தலில் எல்லோர்முன்னும் அத்தை சொன்னாள்: "நாங்க போட்ட சண்டைய வந்து சத்தமா ஊதட்டும்னுதான் இவனக் கூட்டிட்டுப் போனேன். எந்நாளும் ஊதறவன் அன்னைக்குப் பாத்து அடைச்சுக்கிட்டான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று மாடியில் யாரும் சிரிக்கும்படி இல்லை. ஏனென்றால் சும்மா பார்க்க மட்டுமே வருகிறோம் என்று சொல்லியிருந்த அந்த அம்மா, பையைத் திறந்து, வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தை வெளியே எடுத்தார்.

பூ வைத்துவிட்டால் முடிந்தது. அதற்குப்பிறகு இல்லை என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாயே கிடையாது. அந்த அம்மா எழப் பார்த்தார். ஊஞ்சல் அவரைத் திரும்ப உள்ளே இழுத்தது. இரண்டாவது தடவை மாப்பிள்ளையின் அப்பா கை கொடுத்தார். எழுந்துவிட்டார்.

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் ஒரு ஸ்பூனை எடுத்து அதன் பின்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். பூ பக்கத்தில் வந்துவிட்டது. அப்போதும் அத்தை அவரையே பார்த்தாள். அவர் ஸ்பூனைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார்.

"தலையக் குனி சாமி" என்றார் அப்பா, அத்தையிடம்.

அத்தை எழுந்து நின்றாள். "பூ வேண்டாங்க" என்றாள். முட்டை விலை சொல்கிற அதே குரல். "பையன் சொன்னது ஒண்ணுகூட நெசமில்லீங்க. எனக்கு இதுல இஷ்டமில்லைங்ணா. மொத ரெண்டுலயும் இஷ்டமில்லை. என்னை யாருங்ணா கேட்டீங்க?"

கீழே தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த அம்மா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவர்கள் கிளம்பியபோது, கடைசியாகப் போன மாப்பிள்ளை அத்தையிடம் ஏதோ முணுமுணுத்தார். "பண்ணையில இருந்து கொண்டாந்த ஒரு அட்டை முட்டை கீழ வெச்சிருக்குதுங்க. எடுத்துட்டுப் போங்க, ஊட்டுல மத்தவங்க திம்பாங்க" என்றாள் அத்தை.

வழியனுப்பப் போன அப்பா வெகுநேரம் கழித்துத்தான் அறைக்கு வந்தார். அதற்குள் அத்தை சேலையை மாற்றிச் சுடிதாரில் இருந்தாள். அடி விழும் என்று நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இடம் பிடித்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அத்தையையும் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்.

திரை அவர் இடுப்பில் இருந்தது. கண்ணாடி அப்படியே வெறுமனே நின்றது. உள்ளே நல்ல வெளிச்சம் வேறு. மூடிபோட்ட கக்கூஸ் மேல் அப்பா உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. அம்மா சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் டிவி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை கட்டில்மேல் மடித்து வைத்திருந்த பட்டுச்சேலையை எடுத்து உதறினாள். மேலே இருந்த இடைவெளியில் வீசி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துவிட்டு, தரைவரை தழையும்படி சரிசெய்தாள். அப்பா மறைந்துபோனார். அத்தை அந்தச் சேலையில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

"சீலை நனையவே இல்லியே அத்தை. எதுக்குக் காயப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"கம்முனு இரு சாமி" என்றாள்.

கம்மென்று இருந்தேன். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டுத் தெறித்தால்கூடத் தோலை உரிப்பேன் என்றவர் அந்த வேட்டியோடு இவ்வளவு நேரமா உள்ளே உட்கார்ந்திருப்பார், கரையெல்லாம் நனைந்துவிடாதா என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.